அணிலுக்கு ஒரு வெள்ளிச் சங்கிலி

1772 செப்டம்பர் 26ஆம் தேதி பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டனிலிருந்து ஓர் இரங்கல் கடிதம் எழுதினார். கடிதம் ஜார்ஜியானா ஷிப்லி என்ற இளம்பெண்ணுக்கு. இறந்துபோனது அவள் வளர்த்த அணில், பெயர் மங்கோ. மின்னலுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவைக் கண்டு சொன்ன விஞ்ஞானி அவர். அமெரிக்கக் குடியேற்றங்களின் சார்பில் லண்டன் ஆட்சியாளர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அரசியல்வாதியும்கூட. அத்தனை வேலைகளுக்கு நடுவே அந்த மனிதர் ஓர் அணிலின் கல்லறைக்கு வாசகம் எழுத உட்கார்ந்தார்.

மங்கோ அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்த அணில். பிலடெல்பியாவில் இருந்த ஃபிராங்க்ளினின் மனைவி டெபோரா அதைக் கப்பலேற்றி அனுப்பியிருந்தார். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில், ட்வைஃபோர்ட் என்ற ஊரில் இருந்த ஷிப்லி குடும்பத்துக்கு அது பரிசாகப் போய்ச் சேர்ந்தது. குடும்பத் தலைவர் ஜோனதன் ஷிப்லி ஒரு பிஷப். அதற்கு முந்தைய ஆண்டு கோடையில் அவர் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் ஃபிராங்க்ளின் தன் சுயசரிதையை எழுதத் தொடங்கியிருந்தார். பிஷப்பின் மகள்களுக்கு அணில் செல்லப்பிள்ளை ஆகிவிட்டது. ஒருநாள் அது கூண்டைவிட்டு வெளியே போனது. ரேஞ்சர் என்ற நாயின் வாயில் சிக்கி உயிரைவிட்டது.

பெரிய மனிதர்களின் சமாதியில் பொறிக்கும் கனத்த நடையை நையாண்டியாக எடுத்துக்கொண்டு ஃபிராங்க்ளின் மங்கோவைப் புகழ்ந்தார். இவ்வளவு தூரம் பயணித்து இவ்வளவு உலகம் பார்த்த அணில்கள் குறைவு என்றார். கட்டுப்பாடு என்று தோன்றுவது பல சமயம் பாதுகாப்பாகவும் இருக்கும் என்று ஒரு நீதியையும் சேர்த்துக்கொண்டார். நான்கே ஆண்டுகளில் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போடப்போகிறவர் எழுதிய நீதி இது! கடைசியில், விருப்பமிருந்தால் வேறொரு அணில் தருவித்துத் தருவதாகவும் சொல்லியிருந்தார்.

கடிதத்தில் துக்கம் இருக்கிறது, கேலி இருக்கிறது, மாற்று அணிலுக்கான ஏற்பாடும் இருக்கிறது. ஒருவேளை ரேஞ்சரின் பல் பட்டும் மங்கோ பிழைத்திருந்தால்? ஜார்ஜியானா அதை யாரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள்? உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி பிரான்சின் லியோன் நகரில் தோன்றிப் பத்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. லண்டனில் அப்படி ஒரு கல்லூரி வர 1791 ஆகவேண்டியிருந்தது. அங்கும் பாடம் குதிரைகளைப் பற்றித்தான். அணிலை மடியில் வைத்துக் கொஞ்சும் பழக்கம் ஐரோப்பிய வீடுகளில் பல நூறாண்டுகளாக இருந்தது. அடிபட்ட அணிலைப் பிழைக்கவைக்கும் அறிவு வந்து ஐம்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. அந்த அறிவு வந்த கையோடு, அணில் வீட்டில் இருக்கவே கூடாது என்ற சட்டமும் வந்து சேர்ந்தது.

இந்தப் பழக்கத்தின் வேரைத் தேடினால் ஐரோப்பிய ஓவியங்களில் போய் நிற்க வேண்டும். லண்டன் நேஷனல் கேலரியில் ஹான்ஸ் ஹோல்பைன் 1526-28 காலத்தில் வரைந்த ஒரு சீமாட்டியின் படம் இருக்கிறது. வெள்ளை ரோமத் தொப்பி, கருப்பு உடை, எங்கோ பார்க்கும் கண்கள். கையணைப்பில் ஒரு செவ்வணில் கொட்டை கொறித்துக்கொண்டிருக்கிறது. அதன் கழுத்திலிருந்து ஒரு சங்கிலி அவள் கையோடு வந்து சேர்கிறது. தோளருகே ஒரு மைனா இனப் பறவை. நார்ஃபோக் பகுதியின் லவல் குடும்பத்தைச் சேர்ந்த ஆன் லவல் இவர் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தக் குடும்பத்தின் இலச்சினையில் அணில் உண்டு. குடும்ப அடையாளத்துக்காகவே ஓவியர் அணிலைச் சேர்த்திருக்கலாம். ஆனாலும் மடியில் அணிலோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பது அன்றைய பார்வையாளருக்கு விநோதமாகப் பட்டிருக்காது. பணக்கார வீட்டுப் பெண்கள் அணில் வளர்ப்பது அப்போது சகஜம்.

1607இல் எட்வர்ட் டாப்ஸெல் என்ற ஆங்கிலப் பாதிரியார் நாலுகால் பிராணிகளைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதில் அணிலை வீட்டுக்கு இனிய விளையாட்டுத் தோழன் என்று மெச்சிவிட்டு, கம்பளித் துணிகளைக் கடித்துக் குதறும் குணத்தையும் குறைசொல்கிறார். அணில் வளர்த்தவர்கள் யாரும் இன்றும் அந்தக் குறையை மறுக்க மாட்டார்கள்.

அமெரிக்கக் குடியேற்றங்களில் இந்தப் பழக்கம் இன்னும் பரவலானது. மேற்கு ஐரோப்பாவின் காடுகளில் இருந்தது செவ்வணில் ஒன்றுதான். அமெரிக்கக் காடுகளில் சாம்பல் அணில், நரி நிற அணில், பறக்கும் அணில் என்று பல வகை. சிறுவர்கள் மரப்பொந்துகளில் கைவிட்டுக் குட்டிகளை எடுத்து வந்தார்கள். அந்தக் குட்டிகள் நகரச் சந்தையில் விலைக்கும் போயின. இயற்கை அறிவியலாளர் லின்னேயஸின் மாணவரான பெர் கால்ம் 1748 முதல் 1751 வரை அந்தப் பகுதிகளில் சுற்றியவர். பழக்கப்பட்ட அணில்கள் சிறுவர்களின் தோளில் உட்கார்ந்து ஊர் சுற்றியதை அவர் குறித்துவைத்திருக்கிறார்.

அதே கால்ம் இன்னொரு கணக்கும் தருகிறார். சோளக்கொல்லைகளை அணில்கள் சூறையாடியதால், பென்சில்வேனியா அரசு கொன்ற அணில் ஒன்றுக்கு 3 பென்ஸ் சன்மானம் அறிவித்தது. 1749ஆம் ஆண்டில் மட்டும் அப்படிக் கொடுத்த பணம் 8,000 பவுண்டு. கணக்குப் போட்டால் ஒரே ஆண்டில் 6,40,000 அணில்கள். கொல்லையில் தலைக்கு விலை. நகரத்து வரவேற்பறையில் கழுத்துக்குச் சங்கிலி. ஒரே மண்ணில், ஒரே காலத்தில், ஒரே பிராணிக்கு.

சங்கிலி என்பது வெறும் பேச்சல்ல. 1765இல் பாஸ்டன் ஓவியர் ஜான் சிங்கிள்டன் காப்ளி, தன் தாயின் மறுமணத்தில் பிறந்த தம்பி ஹென்றி பெல்ஹாமை உட்காரவைத்து ஒரு படம் வரைந்தார். மினுமினுக்கும் மஹோகனி மேசை. அதன்மேல் பாதி நிறைந்த ஒரு கண்ணாடித் தம்ளர். பின்னால் சிவப்புத் திரை. பையனின் விரல்களில் மெல்லிய பொன்னிறச் சங்கிலி ஒன்று தளர்வாகச் சுற்றியிருக்கிறது. மறுமுனையில், உள்ளங்கைக்குள் அடங்கக்கூடிய ஒரு பறக்கும் அணில் கொட்டையைக் கையில் வைத்து உடைத்துக்கொண்டிருக்கிறது. பறக்கும் அணில் இரவில் நடமாடும் பிராணி. நல்ல பகல் வெளிச்சத்தில் அது மேசைமேல் உட்கார்ந்திருக்கிறது. படம் மறு ஆண்டு லண்டன் கண்காட்சிக்குப் போனது. ஆங்கில ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் பாராட்டினார். காப்ளியின் பெயர் கடல் கடந்து பரவியது. அதே 1765இல் ஃபிரான்சஸ் அட்கின்சன் என்ற சீமாட்டியையும் பறக்கும் அணிலோடு வரைந்தார் காப்ளி. 1771இல் நியூயார்க்கின் வெர்பிளாங்க் குடும்பத்துச் சிறுவன் ஒருவனைச் சாம்பல் அணிலோடு வரைந்தார்.

அந்தச் சங்கிலிகளைச் செய்தவர்கள் யார்? பாஸ்டனின் பொற்கொல்லர்கள். ஆங்கிலேயப் படை வருவதை எச்சரிக்க இரவில் குதிரையேறிப் போனதற்காக அமெரிக்கப் பாடப்புத்தகங்களில் இடம்பிடித்த பால் ரிவியர், தொழிலில் வெள்ளி வேலைக்காரர். அவருடைய பட்டறைக் கணக்கில் தேநீர்க் கெண்டிகளுக்கும் கரண்டிகளுக்கும் நடுவே, வளர்ப்பு அணிலுக்கான ஒரு வெள்ளிச் சங்கிலியும் பதிவாகியிருக்கிறது.

ஓவியத்தில் சங்கிலி அழகாகத்தான் இருக்கிறது. அணிலின் உடம்பு அதற்கு ஏற்றதல்ல. கிளை விட்டுக் கிளை தாவும் பிராணி சங்கிலியோடு மேசையிலிருந்து தாவினால், நீளம் முடிந்த இடத்தில் உடல் வெட்டி இழுபடும். கழுத்தும் முதுகும் அடிவாங்கும். வாலைப் பிடித்து இழுத்தால் தோல் உறைபோலக் கழன்று வந்துவிடும். எதிரியின் வாயில் தோலைக் கொடுத்துவிட்டு உயிரோடு ஓட அமைந்த ஏற்பாடு அது. உரிந்த பகுதி காய்ந்து உதிர்ந்துபோகும், திரும்ப வளராது. வால் போனால் தாவும்போது சமநிலை போகும், குளிரில் போர்வையும் போகும்.

சங்கிலிக்கு மாற்றாக இருந்தது கூண்டு. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அமெரிக்கத் தகரக் கொல்லர்கள் அணில் கூண்டுகளை அலங்காரமாகச் செய்தார்கள். சின்ன வீடு போலக் கூரை, சன்னல், கதவு. பக்கவாட்டில் கம்பிகளால் ஆன ஓர் உருளை. அணில் உள்ளே ஏறி ஓட, உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். விருந்தாளிகளுக்கு அது வேடிக்கை. ஓட இடமில்லாத பிராணிக்கு ஒரே இடத்தில் ஓட வழி. அந்த உருளையின் வடிவம் பிற்காலத்தில் வேறொரு துறைக்குப் போனது. 1889இல் மிகயில் டோலிவோ-டொப்ரோவோல்ஸ்கி உருவாக்கிய தூண்டல் மோட்டாரின் சுழலி அதே கம்பி உருளை போலிருந்தது. கோயம்புத்தூர் பம்ப்செட்டுகளுக்குள் சுழலும் அணில் கூண்டு ரோட்டரின் பெயருக்கு மூலம் அந்த வரவேற்பறைத் தகரக் கூண்டுதான்.

கம்பிகளுக்கு நடுவே இடைவெளி உள்ள உருளையில் ஓடும்போது காலோ வாலோ மாட்டிக்கொண்டால் முறிவு நிச்சயம். அதனால்தான் இன்று கொறிவிலங்குகளுக்கு இடைவெளியில்லாத தளம் கொண்ட சக்கரத்தையே பரிந்துரைக்கிறார்கள். கூண்டுக் கம்பியைக் கடித்துக் கடித்து முன்பல் உடைவது இன்னொரு ஆபத்து. அணிலின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்பவை; சாம்பல் அணிலுக்கு ஆண்டுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் வளரும் என்பார்கள். மேலும் கீழும் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்தால்தான் அளவாக இருக்கும். ஒரு பல் உடைந்து கோணினால் எதிர்ப்பல் வளைந்து வளர்ந்து வாய்க்குள் குத்தத் தொடங்கும். கொட்டை நிறைந்த கிண்ணத்தின் முன்னாலேயே அணில் பட்டினியால் சாகும்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் காற்று திசை மாறியது. 1847இல் பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் சதுக்கத்தில் மூன்று அணில்களை விட்டு, தீனியும் தங்கப் பெட்டிகளும் வைத்தார்கள். ஆம், மங்கோவுக்குக் கல்லறை வாசகம் எழுதியவரின் பெயர் தாங்கிய சதுக்கம்தான். அமெரிக்க நகரத்தில் திட்டமிட்டு அணிலைக் குடியேற்றியதற்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவு அது என்கிறார் வரலாற்றாய்வாளர் எட்டியென் பென்சன். பாஸ்டனும் நியூ ஹேவனும் பின்தொடர்ந்தன. 1877இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் அணில்கள் விடப்பட்டன. கூண்டுக்குள் பார்த்து ரசித்ததை மரத்தில் பார்த்து ரசிக்கலாம், கையால் தீனியும் கொடுக்கலாம் என்பது புதிய நாகரிகம். 2018 அக்டோபரில் தன்னார்வலர்கள் சென்ட்ரல் பார்க்கில் ஓர் அணில் கணக்கெடுப்பு நடத்தினார்கள். தேறிய எண்ணிக்கை 2,373.

அந்த நாகரிகத்தோடு பிராணிகள் நலச் சங்கங்களும் வளர்ந்தன. லண்டனில் 1824இலேயே விலங்குவதைத் தடுப்புச் சங்கம் தொடங்கியிருந்தது. நியூயார்க்கில் 1866இல் ஹென்றி பெர்க் அதேபோன்ற சங்கத்தை நிறுவினார். அவர்களின் முதல் கவலை வண்டிக் குதிரைகள். ஆனால் ஊமைப் பிராணிமேல் இரக்கம் காட்டுவது நல்ல வளர்ப்பின் அடையாளம் என்ற எண்ணம் பள்ளிக்கூடம் வரை இறங்கியபோது, பூங்கா அணிலும் அதில் பங்கு பெற்றது. மரத்திலிருந்து விழுந்த குட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரும் சிறுவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். அது முன்போலப் பொந்தில் கைவிட்டு எடுத்த திருட்டல்ல, மீட்பு. வளர்ப்பு அணிலின் கதை இங்கேதான் காயம்பட்ட அணிலின் கதையாக மாறுகிறது.

அப்படி மீட்கப்பட்டவர்களில் புகழின் உச்சிக்குப் போனது டாமி டக்கர். 1942இல் வாஷிங்டனில் கூட்டிலிருந்து விழுந்த சாம்பல் அணில் குட்டி அது. ஸைடி புல்லிஸ் என்ற பெண்மணி அதை எடுத்து வளர்த்து, விதவிதமாகக் கவுன் தைத்துப் போட்டுவிட்டார். ஆண் அணிலுக்கு ஏன் கவுன்? கால்சட்டை தைத்தால் வாலை எங்கே விடுவது! 1944இல் லைஃப் இதழ் டாமியின் படங்களை வெளியிட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் கடன் பத்திர விற்பனைக்கும் அது பயன்பட்டது. பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போய்க் குழந்தைகளைச் சிரிக்கவைத்த டாமி 1949இல் இறந்தது. இறந்த பிறகும் விடவில்லை. பதப்படுத்தி நிறுத்திவைத்தார்கள், உடையோடு.

டாமி ஏழாண்டு வாழ்ந்தது என்றால் அதில் பெரும்பங்கு அதிர்ஷ்டம். அந்தத் தலைமுறையில் கூட்டிலிருந்து விழுந்த குட்டிகளில் பல சீக்கிரமே செத்தன; அன்பாகக் கொடுத்த பாலாலேயே செத்தன. பசித்துக் கத்தும் குட்டியைப் பார்த்ததும் யாருக்கும் வரும் முதல் எண்ணம் பசும்பாலைக் காய்ச்சி ஒரு சொட்டு வாயில் விடுவது. பசும்பாலில் லாக்டோஸ் அதிகம், அணில்தாயின் பாலில் இருக்கும் கொழுப்பு அதில் இல்லை. குட்டிக்கு வயிற்றுப்போக்கு பிடிக்கும், உடம்பில் நீர் வற்றும், கதை முடியும். மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டினால் பால் மூக்கில் ஏறி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். உடம்பு சில்லிட்டுக் கிடக்கும் குட்டிக்குச் செரிமானமே நடக்காது; அந்த நிலையில் எந்தப் பாலும் விஷம்தான்.

இதையெல்லாம் படிப்படியாகக் கற்று எழுதிவைத்தவர்கள் 1970களில் அமெரிக்காவில் உருவான காட்டுயிர் மறுவாழ்வுப் பணியாளர்கள். பலர் இல்லத்தரசிகள், பள்ளி ஆசிரியைகள், கால்நடை மருத்துவமனை உதவியாளர்கள். சலவை அறையும் சமையலறை மேசையும்தான் அவர்களின் மருத்துவமனை. 1972இல் சர்வதேசக் காட்டுயிர் மறுவாழ்வு மன்றமும், 1982இல் தேசியக் காட்டுயிர் மறுவாழ்வாளர் சங்கமும் பிறந்தன. கைப்பக்குவமாக இருந்தது கையேடாகவும் பயிற்சி வகுப்பாகவும் ஆனது.

அவர்கள் வகுத்த முறையில் முதலில் வருவது சூடு. துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில் பக்கத்தில் குட்டியைக் கிடத்தி, உடம்பு கதகதப்பாகும் வரை வாயில் எதுவும் வைப்பதில்லை. அடுத்தது நீர்ச்சத்து: வெதுவெதுப்பான உப்புச் சர்க்கரைக் கரைசல், சொட்டுச் சொட்டாக. அதன் பிறகே பால். அதுவும் நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் பால் பவுடரைக் கரைத்து, 1 மில்லி சிரிஞ்சில் ஊசியை நீக்கிவிட்டு, குட்டியை நிமிர்த்திப் பிடித்து, அது சப்பும் வேகத்துக்கே விட வேண்டும். மூக்கில் குமிழி வந்தால் உடனே நிறுத்தித் தலையைக் கவிழ்த்துத் துடைக்க வேண்டும். ஒவ்வொரு முறை பால் குடித்த பிறகும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்ல வருட வேண்டும். தாய் நக்கிவிடுவதற்குப் பதில் அது. வருடாவிட்டால் கண் திறக்காத குட்டி சிறுநீர் கழிக்காது. கண் திறக்கச் சாம்பல் அணிலுக்கு நான்கைந்து வாரமாகும். அதுவரை இரவும் பகலும் சில மணிநேரத்துக்கு ஒருமுறை இத்தனையும் நடக்க வேண்டும்.

எலும்பு முறிவைவிட அவர்களை அதிகம் திகைக்கவைத்தது எலும்புருக்கம். வீட்டில் வளர்ந்த, வெளிக்காயம் எதுவுமில்லாத அணில் திடீரென்று பின்னங்காலை இழுக்கும், தொட்டால் அலறும், வலிப்பு வரும். காரணம், தட்டில் குவிந்திருந்த சூரியகாந்தி விதையும் நிலக்கடலையும் சோளமும். அவற்றில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். இரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை உருவி எடுத்துக்கொள்ளும். கூடவே, வீட்டுக்குள் வெயில் படாததால் வைட்டமின் டி குறைவு. காட்டணில் மொட்டு, இலை, பட்டை, காளான், சில சமயம் மான்கொம்பும் எலும்பும்கூடக் கொறித்து இந்தக் கணக்கைச் சரிசெய்துகொள்கிறது. அதன் பல்லில் அரைபட்ட மான்கொம்புகளைக் காட்டில் பார்க்கலாம். ஹோல்பைனின் சீமாட்டி படத்திலும் காப்ளியின் பெல்ஹாம் படத்திலும் அணிலின் கையில் இருப்பது என்ன? கொட்டை. வளர்த்தவர்கள் பாசமாக ஊட்டிய அதே தீனிதான் எத்தனையோ அணில்களின் காலை ஒடித்தது.

அறிவு இப்படி வளர்ந்தபோது சட்டமும் வளர்ந்தது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் காட்டுயிரை உரிமமில்லாமல் வீட்டில் வைத்திருப்பது குற்றமானது. உரிமம் பெற்ற மறுவாழ்வாளரும் தேறிய பிராணியைக் காட்டுக்கே திருப்ப வேண்டும். அதனால் பேர் வைப்பது, மடியில் போடுவது, நாய் பூனையோடு பழக்குவது எல்லாவற்றையும் அவர்களே தவிர்த்தார்கள். நாயைக் கண்டு பயப்படாத அணில் வெளியே போன முதல் நாளே மங்கோவின் கதியை அடையும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பிரிட்டனில் சட்டம் இன்னும் கடுமையான வழியில் போனது. 1876இல் செஷயரின் ஹென்பரி பூங்காவில் தாமஸ் பிராக்கிள்ஹர்ஸ்ட் என்ற சீமான் அலங்காரத்துக்காக அமெரிக்கச் சாம்பல் அணில்களை விட்டார். அவரைப் பார்த்து வேறு எஸ்டேட்காரர்களும் விட்டார்கள். சாம்பல் அணில் பல்கிப் பெருகி, ஹோல்பைனின் சீமாட்டி மடியில் வைத்திருந்த உள்ளூர்ச் செவ்வணிலை இங்கிலாந்தின் பெரும்பகுதியிலிருந்து துரத்திவிட்டது. தீனிப் போட்டி ஒருபக்கம். சாம்பல் அணில் தான் பாதிக்கப்படாமல் சுமந்து பரப்பும் அணில் அம்மை மறுபக்கம். செவ்வணிலுக்கு அது எமன். 1937இலேயே உரிமமில்லாமல் சாம்பல் அணிலை இறக்குமதி செய்வதும் வைத்திருப்பதும் தடைசெய்யப்பட்டன. 1981ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் காட்டில் விடுவதையும் தடுத்தது. மீட்பு மையங்களுக்கு மட்டும் விடுவிக்கும் உரிமம் கிடைத்துவந்தது. 2019இல் வந்த அயல்உயிரின ஆணையோடு இங்கிலாந்தில் அந்தக் கதவும் மூடியது. இன்று அங்கே கால் முறிந்த சாம்பல் அணிலை ஒருவர் மருத்துவரிடம் கொண்டுபோனால், குணமாக்கித் திரும்ப மரத்தில் விட வழியில்லை. இரக்கத்துக்குச் சட்டம் விட்டுவைத்திருக்கும் வழி பெரும்பாலும் வலியில்லாத மரண ஊசி.

இந்த இழுபறி உலகம் முழுக்கப் பேச்சானது 2024இல். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன் நியூயார்க் நகரில் ஒரு தாய் அணில் காரில் அடிபட்டு இறந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் குட்டியை எடுத்துவந்து பாட்டில் பால் கொடுத்து வளர்த்தார். பீனட் என்று பெயரிட்டார். வளர்ந்ததும் வெளியே விட்டுப் பார்த்தார். அது பாதி வாலை இழந்து வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தது. அதன் பிறகு வீட்டுப் பிள்ளைதான். இன்ஸ்டாகிராமில் லட்சக்கணக்கானவர்கள் அதைப் பின்தொடர்ந்தார்கள். அவரிடம் உரிமம் இல்லை. அக்டோபர் 30ஆம் தேதி நியூயார்க் மாநிலச் சுற்றுச்சூழல் துறையினர் பைன் சிட்டியில் இருந்த அவர் வீட்டைச் சோதனையிட்டு, பீனட்டையும் ஃபிரெட் என்ற ரக்கூனையும் எடுத்துச்சென்றார்கள். விசாரணையில் ஈடுபட்டிருந்த ஒருவரை அணில் கடித்துவிட்டது என்றும், வெறிநோய்ச் சோதனைக்காக இரண்டையும் கொல்ல நேர்ந்தது என்றும் அதிகாரிகள் அறிவித்தார்கள். அந்தச் சோதனைக்கு மூளைத் திசு வேண்டும். உயிரோடு வைத்துக்கொண்டு செய்ய முடியாது. முடிவு நவம்பரில் வந்தது: இரண்டுக்கும் வெறிநோய் இல்லை.

அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் தகவல் ஒன்று உண்டு. அணில் போன்ற சிறு கொறிவிலங்குகளுக்கு வெறிநோய் காணப்படுவது மிக அரிது. அவற்றிடமிருந்து மனிதருக்குத் தொற்றியதாக அறியப்படவில்லை. இதைக் காட்டி ஒரு தரப்பு அரசைக் கண்டித்தது. தேர்தல் நேரம் என்பதால் அரசியல் மேடைகளிலும் அணில் ஏறியது. ரக்கூனோடு ஒரே வீட்டில் இருந்த பிராணி, வெறிநோயைப் பரப்புவதில் ரக்கூனுக்கு முக்கிய இடம் உண்டு என்று மறுதரப்பு பதில் சொன்னது. பிடிக்கப்பட்ட பிராணியைக் கொல்லும் முன் கால அவகாசம் தரவேண்டும் என்று பீனட்டின் பெயரிலேயே ஒரு மசோதாவும் நியூயார்க் சட்டமன்றத்தில் முன்வைக்கப்பட்டது.

இரு தரப்பிலும் தவறு இருக்கிறது. ஏழு ஆண்டு உரிமம் வாங்காமல் இருந்தது வளர்த்தவரின் தவறு. ஏழு ஆண்டு கழித்து ஒரே நாளில் விழித்துக்கொண்டது அரசின் தவறு. நடுவில் அகப்பட்டதற்குத் தவறு செய்யவே தெரியாது.

தமிழ் வீடுகளுக்கு இந்தக் கதை அந்நியமில்லை. முதுகில் மூன்று கோடு போட்ட நம் ஊர் அணிலுக்கு 1766இல் லின்னேயஸ் பனைமரத்தை வைத்து அறிவியல் பெயர் சூட்டினார். பனையோ தென்னையோ ஓட்டுக்கூரையோ, மனிதர் புழங்கும் இடத்தில்தான் அது கூடு கட்டுகிறது. அணைகட்டப் போன அணிலைத் தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையில் சந்திக்கும் சமூகம் இது. இங்கே அணிலுக்குச் சங்கிலியும் சக்கரமும் அவ்வளவாக இல்லை. ஆனால் காற்றடித்த மறுநாள் முற்றத்தில் விழுந்து கிடக்கும் அணில்பிள்ளையை எடுத்து, செருப்புப் பெட்டியில் பழந்துணி விரித்து, இங்க் ஃபில்லராலோ பஞ்சுத்திரியாலோ பசும்பால் புகட்டாத தெரு கிடையாது. டாமி டக்கர் காலத்து அமெரிக்கர்கள் செய்த அதே பிழை இன்றும் இங்கே அன்பின் பெயரால் நடக்கிறது.

விழுந்த குட்டியைப் பார்த்தால் உடனே வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம். காயமில்லை, உடம்பு சூடாக இருக்கிறது என்றால் ஒரு திறந்த பெட்டியில் வைத்து மரத்தடியில் விட்டு, நாய், பூனை, காக்கை நெருங்காமல் தள்ளி நின்று பாருங்கள். தாய் அணிலுக்குக் குட்டியை வாயால் கவ்வித் தூக்கிக்கொண்டு போகத் தெரியும். மனிதர் தொட்டதால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் கட்டுக்கதை. பொழுது சாயும் வரை வராவிட்டால், அல்லது பூனைப்பல் பட்டிருந்தால், சூடு கொடுத்தபடி கால்நடை மருத்துவரிடமோ விலங்கு மீட்பு அமைப்பிடமோ சேர்த்துவிடுங்கள். பூனைக்கடி வெளியே ஊசிமுனையளவே தெரியும். உள்ளே இரண்டு நாளில் சீழ் பிடிக்கும், அதற்கு மருந்து வீட்டில் கிடையாது. வழியில் பாவமாக இருக்கிறதே என்று ஒரு சொட்டுப் பாலும் கொடுக்காதீர்கள்.